வீட்டை விட்டு ஓடியவர்களை எப்படி எண்ணுகிறார்கள்?

2024 டிசம்பர் முடிவில், போராலும் வன்முறையாலும் வீட்டை விட்டுக் கிளம்பி, ஆனால் நாட்டு எல்லையைத் தாண்டாமல் எங்கேயோ தங்கியிருந்தவர்கள் உலகம் முழுக்க 7 கோடியே 35 லட்சம் பேர். இதில் சூடானில் மட்டும் 1 கோடியே 16 லட்சம். ஒரே நாட்டில் இவ்வளவு பேர் அதற்கு முன் பதிவானதே இல்லை. இந்த எண்களைச் சொல்வது ஜெனீவாவில் இருக்கும் உள்நாட்டு இடப்பெயர்வுக் கண்காணிப்பு மையம், சுருக்கமாக ஐடிஎம்சி. ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை வரும், மறுநாள் பத்திரிகைகளில் 'வரலாறு காணாத உயர்வு' என்று நாலு வரிச் செய்தி வரும், அதோடு சரி.

யார் போய் எண்ணினார்கள் என்று அந்த நாலு வரியில் இருக்காது. குண்டு விழும் ஊரில், சாலை மூடிய மாவட்டத்தில், செல்போன் கோபுரம் செத்துக் கிடக்கும் இடத்தில் ஒரு கோடிப் பேரைத் தலை தலையாக எண்ண முடியாது. எண்ணவும் இல்லை. அப்படியென்றால் அது பொய்க் கணக்கா? அதுவும் இல்லை, பெரும்பாலும் நேர்மையாகப் போட்ட மதிப்பீடுதான். ஆனால் அதற்குள்ளே யார் சொன்ன தகவல், குடும்பத்துக்கு எத்தனை பேர், ஒருவரை எப்போது சேர்ப்பது, எப்போது எடுப்பது என்று வரிசையாக முடிவுகள் புதைந்து கிடக்கின்றன. இதில் கடைசியாகச் சொன்னதுதான், அதாவது பட்டியலிலிருந்து எப்போது ஒருவர் பெயரை எடுப்பது என்பதுதான், என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும் விட வில்லங்கமானது. எண் ஏறும்போது ஊரே பேசுகிறது; இறங்கும்போது ஏன் இறங்கியது என்று யாரும் கேட்பதில்லை.

எல்லை தாண்டியவர்களை எண்ணுவது இதைவிட எளிது. சோதனைச்சாவடி இருக்கும், பதிவு மேசை இருக்கும், ஐ.நா. அகதிகள் முகமை ஓர் அட்டை கொடுக்கும், அந்த அட்டைக்கு ரேஷன் கிடைக்கும். நாட்டுக்குள்ளேயே நகர்ந்தவருக்கு இது எதுவும் கிடையாது. பக்கத்து மாவட்டத்தில் அக்கா வீட்டுப் பின்கட்டில் போய்த் தங்கினால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் விருந்தாளி. தொலைக்காட்சியில் முகாமைத்தான் காட்டுவார்கள், ஆனால் பெரும்பாலான நாடுகளில் முகாமுக்கு வெளியே, சொந்தக்காரர் வீட்டிலும் வாடகை அறையிலும் பள்ளிக்கூடக் கட்டடத்திலும் ஒண்டிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். அதோடு, இவர்களைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு இவர்களுடைய சொந்த அரசுக்குத்தான். பல இடங்களில் துரத்தியதே அந்த அரசின் படைதான். துரத்தியவரே கணக்கும் எழுதினால் அந்தக் கணக்கு எப்படி இருக்கும்?

1982இல் முதன்முதலாக எண்ணிப் பார்த்தபோது 11 நாடுகளில் 12 லட்சம் பேர் என்று வந்தது. 1995க்குள் 40 நாடுகளில் 2 கோடி, 2.5 கோடி என்று ஆகிவிட்டது. பனிப்போர் முடிந்தபின் உள்நாட்டுப் போர்கள் பெருகியது ஒரு காரணம், தேட ஆரம்பித்ததால் கண்ணில் பட்டார்கள் என்பது இன்னொரு காரணம். 1992இல் ஐ.நா. பொதுச்செயலாளர் பூத்ரோஸ் காலி இந்த விஷயத்துக்கென்றே ஒரு பிரதிநிதியை நியமித்தார். அவர் பிரான்சிஸ் டெங், சூடான்காரர். இன்றைக்கு அந்தப் பட்டியலின் உச்சியில் அவர் பிறந்த நாடே இருக்கிறது. டெங் குழுவினர் 1998இல் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள்தான் இன்றுவரை அடிப்படை: மோதல், வன்முறை, மனித உரிமை மீறல், பேரிடர் ஆகியவற்றால் வீட்டை விட்டு வெளியேறும் கட்டாயத்துக்கு ஆளாகி, எல்லை தாண்டாதவர். இது ஒப்பந்தம் இல்லை, கையெழுத்துப் போட்டுக் கட்டுப்பட வேண்டிய அவசியம் எந்த நாட்டுக்கும் இல்லை. (ஆப்பிரிக்க நாடுகள் மட்டும் 2009இல் கம்பாலாவில் ஓர் உடன்படிக்கை போட்டுக்கொண்டன, 2012இல் அது நடைமுறைக்கு வந்தது.) அதே 1998இல்தான் நார்வே அகதிகள் பேரவை, பின்னால் ஐடிஎம்சி ஆன அமைப்பைத் தொடங்கியது.

ஐடிஎம்சி நேராகப் போய் எண்ணுவதில்லை. அரசு, ஐ.நா. முகமைகள், செஞ்சிலுவைச் சங்கம், உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள், செய்திகள் என்று எல்லாவற்றையும் திரட்டி, எதை நம்புவது என்று முடிவெடுத்து ஓர் எண்ணைச் சொல்கிறது. அதற்கு மிகப் பெரிய மூலம் சர்வதேச இடப்பெயர்வு அமைப்பின் (ஐஓஎம்) கண்காணிப்பு முறை. 2004இல் ஈராக்குக்காக உருவாக்கியது. இன்று டிடிஎம் என்ற பெயரில் உலகம் பூராவும் இருக்கிறது. சூடான் எண் அங்கிருந்துதான் வருகிறது.

அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மேற்குச் சூடானின் தார்ஃபூரில் எல் ஃபாஷர் நகரத்துக்கு அருகே ஜம்ஜம் என்று ஒரு முகாம். 2003இல் வெடித்த தார்ஃபூர் போரில் ஓடிவந்தவர்களுக்காக உருவானது, இருபது ஆண்டுகளில் ஒரு நகரமாகவே ஆகிவிட்டது. 2025 ஏப்ரலில், சூடான் ராணுவத்தோடு போரிட்டுவந்த ஆர்எஸ்எஃப் துணைப்படை அதைத் தாக்கிப் பிடித்தது. சில நாட்களில் சுமார் 4 லட்சம் பேர் ஓடினார்கள். பலர் எல் ஃபாஷருக்கு மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தவீலாவுக்குக் கழுதையிலும் கால்நடையாகவும் போனார்கள். இந்த '4 லட்சம்' எப்படிக் கிடைத்தது? ஐஓஎம் முதலில் சொன்னது ஆட்கள் கணக்கு இல்லை, குடும்பக் கணக்கு: 60,000 முதல் 80,000 குடும்பங்கள். களப்பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டாரம். அந்த வட்டாரத்தில் விவரம் தெரிந்தவர்கள், அதாவது ஊர்த்தலைவர், ஷேக், பள்ளி ஆசிரியர், கஞ்சி ஊற்றும் குழுவை நடத்தும் இளைஞர் என்று சிலரைப் பிடித்து, 'இந்த வாரம் எத்தனை குடும்பம் வந்தது, எங்கிருந்து வந்தது, எத்தனை போயிற்று' என்று கேட்பார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். நேரில் போக முடியாவிட்டால் தொலைபேசி. தொலைபேசியும் இல்லாவிட்டால், 2024 பிப்ரவரியில் நாடு முழுக்கத் தொலைத்தொடர்பு அறுந்தபோது ஆனது மாதிரி, யாராவது ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையக் கருவியை வைத்து மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு இணையம் கொடுக்கும் கடைக்குப் போய் உட்கார வேண்டும். இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து வரும் குடும்ப எண்ணிக்கையைக் கூட்டி, சராசரிக் குடும்ப அளவால் பெருக்கினால் வருவதுதான் அந்த ஒரு கோடியே சொச்சம்.

பெருக்கல் என்றவுடன் பிசகு எங்கே வரும் என்று தெரிந்துவிடும். குடும்பத்துக்கு ஐந்து பேர் என்று வைத்தால் 23 லட்சம் குடும்பம் 1 கோடியே 15 லட்சம் பேர். நாலரை என்று வைத்தால் அதிலிருந்து பதினொன்றரை லட்சம் பேர் காணாமல் போய்விடுவார்கள், யாரும் ஓர் அடிகூட நகராமலேயே. ஊர்த்தலைவர் கூட்டிச் சொல்லலாம், ரேஷன் அதிகம் வரும் என்று. குறைத்தும் சொல்லலாம், வெளியூர்க்காரருக்கு அடைக்கலம் கொடுத்தது தெரிந்தால் தாக்குவார்கள் என்ற பயத்தில். இதெல்லாம் களத்தில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும், அவர்கள் அறிக்கையின் பின்பக்கத்தில் எழுதியும் வைக்கிறார்கள். பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஜம்ஜமிலிருந்து ஓடியவர்களில் பலர் ஏற்கெனவே இடம்பெயர்ந்தவர்கள். இவர்களைப் புதிதாகச் சேர்ப்பதா, ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்களை வேறு ஊருக்கு மாற்றி எழுதுவதா? இங்கேதான் ஐடிஎம்சி இரண்டு எண்களைத் தனித்தனியாக வைக்கிறது. ஆண்டு முழுக்க எத்தனை முறை மக்கள் ஓட வேண்டி வந்தது என்பது ஒன்று, ஆண்டுக் கடைசி நாளில் எத்தனை பேர் வீட்டுக்கு வெளியே இருந்தார்கள் என்பது மற்றொன்று. பேருந்தில் நாள் முழுக்கக் கிழித்த டிக்கெட்டும், இந்த நிமிடம் உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணிகளும் ஒன்றாக இருக்காதே, அது மாதிரி. காசாவைப் பாருங்கள். 2023 அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் அங்கே பதிவான இடப்பெயர்வுகள் 34 லட்சம். காசாவின் மொத்த மக்கள்தொகையே 22 லட்சம் சுமார்தான். வடக்கிலிருந்து கான் யூனிஸ், அங்கிருந்து ரஃபா என்று ஒரே குடும்பம் மூன்று மாதத்தில் திரும்பத் திரும்பத் துரத்தப்பட்டதால் வந்த எண் அது. ஆண்டு முடிவில் வீட்டுக்கு வெளியே இருந்தவர்கள் 17 லட்சம். இரண்டும் உண்மை. இந்த இரண்டையும் குழப்பி, '34 லட்சம் பேர் வீடிழந்தனர்' என்று எழுதுகிற செய்தியாளரும் உண்டு, 'பாருங்கள், மக்கள்தொகையை விட அதிகம், எல்லாம் புளுகு' என்று கிளம்புகிற சமூக ஊடகப் புத்திசாலியும் உண்டு.

உக்ரைனில் வேறு வழி. அங்கே போர் தொடங்கிய ஒரு மாதத்துக்குள், 2022 மார்ச் நடுவில், ஐஓஎம் 64.8 லட்சம் பேர் நாட்டுக்குள் இடம்பெயர்ந்திருக்கிறார்கள் என்று சொன்னது. எப்படி? குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த செல்போன் எண்களுக்கு அழைத்து, சுமார் 2,000 பேரிடம் 'இப்போது எங்கே இருக்கிறீர்கள், வழக்கமாக இருக்கும் வீட்டிலா' என்று கேட்டு, விகிதம் போட்டு. தேர்தல் கருத்துக்கணிப்பு எடுக்கிற அதே முறைதான். எல்லோர் கையிலும் போன் இருக்கிற, மக்கள்தொகை ஓரளவு தெரிந்த நாட்டில் இது நன்றாகவே வேலை செய்கிறது, தார்ஃபூரில் செய்யாது. ரஷ்யா பிடித்துவைத்திருக்கும் பகுதிகளில் இங்கேயும் செய்யாது. அப்புறம் அரசுப் பதிவேடு என்று ஒன்று தனியாக இருக்கிறது. 2024 முடிவில் ஐஓஎம் கணக்கு 37 லட்சத்தை ஒட்டி இருந்தது, அரசிடம் பதிந்தவர்கள் சுமார் 46 லட்சம். 2014இல் கிழக்கு உக்ரைனின் தொன்பாஸிலிருந்து வந்து பதிந்தவர்கள் இன்னும் அதில் இருக்கிறார்கள். சிலர் வெளிநாடு போயிருப்பார்கள், சிலர் ஊர் திரும்பியிருப்பார்கள், மாதாந்தர உதவித்தொகை பதிவோடு கட்டியிருப்பதால் பெயரை எடுக்கச் சொல்லி வந்து நிற்க மாட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பதிவேட்டின் எல்லை எதுவரை என்று தெரிய கொலம்பியாவைப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் உலகத்திலேயே மிக விரிவான சட்ட ஏற்பாடு செய்த நாடுகளில் அதுவும் ஒன்று. 1997இல் இடம்பெயர்ந்தவர்களுக்கென்றே சட்டம், 2004இல் 'இவர்களை அரசு நடத்தும் விதமே அரசியல் சாசனத்துக்கு விரோதம்' என்று அரசியல் சாசன நீதிமன்றத்தின் தீர்ப்பு, 2011இல் பாதிக்கப்பட்டோர் சட்டம், அதோடு ஒரே தேசியப் பதிவேடு. யார் வேண்டுமானாலும் அரசு அலுவலகத்தில் போய் வாக்குமூலம் கொடுக்கலாம். அரசு அதைச் சரிபார்த்து ஏற்கும் அல்லது தள்ளும். 1985 முதல் இன்றுவரை அதில் ஏறியிருப்பவர்கள் 80 லட்சத்துக்கு மேல். ஆனால் இது ஏறிக்கொண்டே போகும் கணக்கு. பாதிக்கப்பட்டவர் என்ற உரிமை வீடு திரும்பினாலும் போகாது, அது நியாயமும்தான். அதனால் 'இப்போது எத்தனை பேர் இன்னும் இடம்பெயர்ந்த நிலையில் இருக்கிறார்கள்' என்று கேட்டால் பதிவேடு பதில் சொல்லாது. 2023க்கு ஐ.நா. அகதிகள் முகமை சொன்னது சுமார் 69 லட்சம். ஐடிஎம்சி சொன்னது சுமார் 51 லட்சம். ஒரே நாடு, ஒரே ஆண்டு, இடைவெளி கிட்டத்தட்ட 18 லட்சம். தலை மேல் ஓரளவு நிலையான கூரை வந்துவிட்டதாக அரசின் அளவுகோல் காட்டுகிறவர்களை ஐடிஎம்சி கழித்துவிடுகிறது, மற்றது கழிப்பதில்லை.

அந்தப் பதிவேட்டிலும் யார் துரத்தியது என்பதைப் பொறுத்துக் கதவு திறந்தது, மூடியது. துணைப்படைகள் கலைக்கப்பட்டபின் அவற்றின் மிச்சத்திலிருந்து முளைத்த கும்பல்களால் ஓடியவர்களை, 'அது போர் இல்லை, வெறும் குற்றம்' என்று அதிகாரிகள் பல ஆண்டுகள் பதிய மறுத்தார்கள். 2013இல் நீதிமன்றம் தலையிட்டு, ஓடியவருக்கு யார் துரத்தினால் என்ன என்ற வகையில் உத்தரவிட்ட பிறகுதான் அவர்கள் பட்டியலில் ஏற முடிந்தது. ஓர் அதிகாரியின் மேசையில் இருந்த படிவத்தின் ஒரு கட்டத்தால் அத்தனை பேரும் வெளியே நின்றார்கள்.

எண் என்பது ஏதோ புள்ளிவிவரக்காரர்களின் பாடு என்று நினைப்பவர்களுக்கு இலங்கைப் போரின் கடைசி மாதங்களில், 2009இல், வன்னியில் நடந்ததைத்தான் காட்ட வேண்டும். அங்கே எண்தான் சோறு.

2008 செப்டம்பரில் இலங்கை அரசு சொன்னதன் பேரில் ஐ.நா.வும் மற்ற சர்வதேச அமைப்புகளும் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. அதன்பின் உள்ளே எத்தனை பேர் என்று சொல்லக்கூடியவர்கள் கச்சேரி (மாவட்ட நிர்வாக அலுவலகம்) ஆட்கள் மட்டுமே: அரசாங்க அதிபர், உதவி அரசாங்க அதிபர், அவர்களுக்குக் கீழே கிராம அலுவலர்கள். இவர்கள் அரசு ஊழியர்கள், கொழும்பிலிருந்து சம்பளம் வாங்குபவர்கள். முல்லைத்தீவுக் கடலோரத்து மாத்தளன் பக்கம் சனம் நெருங்க நெருங்க, நிவாரணம் கொடுக்கக் குடும்பக் கணக்கு எடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2009 தொடக்கத்தில் முல்லைத்தீவு உதவி அரசாங்க அதிபர் பார்த்திபன் கொடுத்த கணக்கு 81,000 குடும்பங்கள், 3,30,000 பேர். அரசு வெளியே சொல்லிக்கொண்டிருந்தது 70,000. கொழும்பிலிருந்து அவருக்கு வந்த பதில், உங்கள் எண்ணுக்கு ஆதாரம் இல்லை என்பதாக இருந்தது. உணவும் மருந்தும் எந்த எண்ணுக்கு அனுப்பப்பட்டன என்று சொல்லத் தேவையில்லை. தரைவழி அடைபட்டபின் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல்தான் வந்துகொண்டிருந்தது, அதிலும் எவ்வளவு ஏற்றலாம் என்பதை அரசின் எண்தான் தீர்மானித்தது. ஏப்ரல் 27 அளவில் ஐ.நா.வின் உள் மதிப்பீடு 1,27,177 பேர் இன்னும் சிக்கியிருக்கிறார்கள் என்றது; அதே சமயத்தில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச சிஎன்என் தொலைக்காட்சியில் ஐயாயிரம், பத்தாயிரம் பேர்தான் இருப்பார்கள் என்றார். கடைசியில் வவுனியா முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2,90,000. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, பொருட்கள் போவதைக் கட்டுப்படுத்தவே எண்ணிக்கை வேண்டுமென்று குறைக்கப்பட்டது என்று எழுதியது. மூத்த அரசு அதிகாரி ஒருவர் பிற்பாடு அதை ஒப்புக்கொண்டதாகவும் அதே அறிக்கையில் இருக்கிறது.

போர் முடிந்தபின் அதே கச்சேரிக் கணக்கு வேறொரு கேள்விக்குப் பயன்பட்டது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில், போர் பற்றி விசாரிக்க அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கழித்தலை வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியின் மக்கள்தொகை கச்சேரிப்படி 4,29,059. வெளியே வந்தவர்கள் 2,82,380. மிச்சம் 1,46,679 பேர் எங்கே? இது இறந்தவர்களின் எண்ணிக்கை இல்லை, கணக்கில் வராதவர்களின் எண்ணிக்கை. அவர் கேட்டதும் அதைத்தான். முதல் எண் நிர்வாகப் பதிவு, அதில் ரேஷனுக்காகப் பெயர் நீங்காமல் இருந்தவர்களும் இருந்திருக்கலாம். இரண்டாவது முகாம் வாசலில் எண்ணியது. இரண்டு வேறு வகைப் பட்டியலைக் கழித்தால் மிச்சத்தில் பிழையும் சேர்ந்தே வரும், சரி. ஆனால் அந்தப் பிழை எவ்வளவு என்று காட்ட வேண்டியது பட்டியல் இரண்டையும் கையில் வைத்திருந்த அரசு. அது காட்டவே இல்லை.

வவுனியா முகாம்களில் பெரியதான செட்டிகுளம் மெனிக் ஃபாமை 2012 செப்டம்பரில் மூடினார்கள். இடம்பெயர்ந்தோர் பிரச்சினை தீர்ந்தது என்று அறிவிப்பு வந்தது. கடைசியாகப் பேருந்தில் ஏற்றப்பட்டவர்களில் கேப்பாபுலவுக் குடும்பங்கள் நூற்றுக்கு மேல். அவர்கள் ஊரில் ராணுவம் இருந்ததால் சீனியாமோட்டை என்ற இடத்தில் காட்டை வெட்டி இறக்கிவிட்டார்கள். முகாம் கணக்கில் அவர்கள் இல்லை, வீட்டிலும் இல்லை. 2017இல் அவர்கள் ராணுவ முகாம் வாசலில் மாதக்கணக்கில் உட்கார்ந்து காணி கேட்டது இதன் தொடர்ச்சிதான். இன்னொரு பக்கம், 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய சுமார் 75,000 முஸ்லிம்கள். பெரும்பாலோர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். 2009க்குப் பிறகு நிவாரணத்தில் 'புதியவர்', 'பழையவர்' என்று பிரித்தபோது இவர்கள் பழையவர் பக்கம் போய், வரிசையில் பின்னால் நின்றார்கள். புத்தளத்தில் பிறந்து வளர்ந்து அங்கேயே கல்யாணம் செய்த பிள்ளை இடம்பெயர்ந்தவரா? யாழ்ப்பாணத்தில் பதிவு, புத்தளத்தில் வீடு என்று இருப்பவர் திரும்பியவரா? ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், அந்தப் பதிலுக்கு ஏற்ப எண் ஆயிரக்கணக்கில் மாறும்.

இதற்கெல்லாம் விதி இல்லாமல் இல்லை. ஐ.நா. முகமைகள் 2010இல் ஒரு சட்டகம் கொண்டுவந்தன: ஊர் திரும்பலாம், வந்த இடத்திலேயே நிலைக்கலாம், மூன்றாவது இடத்தில் குடியேறலாம், எதுவானாலும் இடம்பெயர்ந்ததால் வந்த தனிப்பட்ட சிரமம் தீர்ந்தால்தான் முடிவு. பாதுகாப்பு, பிழைப்பு, காணி உரிமை, ஆவணங்கள், குடும்பம் சேர்தல் என்று அளவுகோல்கள் வரும். 2020இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் இதை வைத்து நாடுகளுக்கான பரிந்துரையை ஏற்றது. தாளில் நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் இதை அளக்க வீடு வீடாகப் போய், பக்கத்தில் குடியிருக்கும் இடம்பெயராதவரோடு ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். அதற்குப் பணமும் ஆளும் வேண்டும். முகாமை மூடுவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

நைஜீரியாவின் மைதுகுரியில் போர்னோ மாநில அரசு 2021இல் முகாம்களை மூடத் தொடங்கியபோது, போகோ ஹராம் ஆயுதக் குழு இருக்கும் பகுதியை ஒட்டிய ஊர்களுக்கு மக்களை அனுப்பி வைத்தது. பலர் சுற்றிச் சுற்றி மறுபடி நகரத்தின் ஓரத்துக்கே வந்தார்கள், இம்முறை பெயரில்லாமல். காங்கோவின் கோமா நகரை எம்23 கிளர்ச்சிப் படை 2025 ஜனவரியில் பிடித்தது. சுற்றியிருந்த பெரிய முகாம்களில் இருந்தவர்களைப் பிப்ரவரியில் சில நாள் கெடு வைத்துக் கிளப்பியது, கூடாரங்கள் பிரிக்கப்பட்டன. திரும்பிப் போன ஊரில் வீடு இல்லை, வயலில் வேறொருவர். புள்ளிவிவரத்தில் அவர்களில் பலர் 'திரும்பியவர்' என்ற பத்தியில் போய் உட்கார்ந்தார்கள். தலைநகர் கார்ட்டூமை 2025 மார்ச்சில் சூடான் ராணுவம் மீட்டபின் பெருந்தொகையானோர் அங்கே திரும்புகிறார்கள். சூடான் எண் இறங்குவதற்கு முக்கியக் காரணம் இது. மின்சாரம் இல்லாத, மின்கம்பிகூட உருவி விற்கப்பட்ட வீட்டுக்குத் திரும்பியவரும் திரும்பியவரே. டிடிஎம் ஆட்கள் இதைத் தனியாகக் குறித்துத்தான் வைக்கிறார்கள், ஆனால் செய்திக்கு வருவது மொத்த எண் மட்டும்.

இந்தியாவில் கணக்கு இதைவிட மங்கல். உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்களுக்கென்று தேசியச் சட்டம் எதுவும் இல்லை. 2023 மே 3இல் மணிப்பூரில் கலவரம் வெடித்தது. ஐடிஎம்சி அந்த ஆண்டில் அங்கே 67,000 இடப்பெயர்வுகளைப் பதிந்தது, தெற்காசியா முழுமைக்குமே அந்த ஆண்டு 69,000தான். காஷ்மீரி பண்டிட்களுக்கு ஜம்முவில் நிவாரண ஆணையர் அலுவலகப் பதிவு உண்டு, 1997இல் மிசோரமிலிருந்து திரிபுராவுக்கு ஓடிய புரூ பழங்குடி மக்களுக்கு முகாம் பதிவு இருந்ததால்தான் 2020 ஒப்பந்தத்தில் அவர்களைக் கணக்கிட்டுக் குடியமர்த்த முடிந்தது. 2005 வாக்கில் சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராக அரசு ஆதரவோடு கிளம்பிய சல்வா ஜுடும் காலத்தில் காட்டு வழியே கோதாவரி தாண்டி வந்த ஆதிவாசிகளுக்கு எந்தப் பதிவும் இல்லை. இன்றும் தெலங்கானாக் காடுகளில் ஆக்கிரமிப்பாளர் என்று வனத்துறை அவர்களை எழுப்பிக்கொண்டிருக்கிறது.

செயற்கைக்கோளும் செயற்கை நுண்ணறிவும் இதைத் தீர்த்துவிடும் என்று ஒரு கட்சி உண்டு. ஓரளவு உதவுகின்றன. எரிந்த கூரைகளை மேலிருந்து எண்ணிக் குடும்ப அளவால் பெருக்கலாம். ஹைத்தியில் 2010 நிலநடுக்கத்தின்போது பெயரில்லாத சிம் கார்டு நகர்வுகளை வைத்துத் தலைநகரிலிருந்து எத்தனை பேர் எங்கே போனார்கள் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள், அது ஒரு பெரிய பாய்ச்சல்தான். செய்திகளைத் தானே படித்து இடப்பெயர்வுச் சம்பவங்களைப் பிரித்தெடுக்கும் மென்பொருளை ஐடிஎம்சியே முயன்றிருக்கிறது. ஆனால் கூரை போனவர் எங்கே போனார் என்று செயற்கைக்கோளுக்குத் தெரியாது, செய்தி வராத ஊர் மென்பொருளுக்கும் தெரியாது. நுணுக்கமான தரவு வந்தால் வேறு ஆபத்து: துரத்தியவன் கையில் அது கிடைத்தால் ஓடியவர் ஒளிந்திருக்கும் இடத்தின் வரைபடம் அது. 2022 ஜனவரியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வரை யாரோ உடைத்து, போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள் உட்பட 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை எடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் டிடிஎம் எதற்கு இன்னும் ஆள் பெயரில்லாமல் குடும்ப எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறது என்று தோன்றும். பல இடங்களில் அது சோம்பல் இல்லை, ஜாக்கிரதை.

இப்போதைய தலைவலி பணம். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. அதுவரை ஐஓஎம்முக்கு மிகப் பெரிய நன்கொடையாளர் அதுதான். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அமெரிக்கப் பணத்தில் நடந்த பஞ்ச முன்னெச்சரிக்கை இணையதளமே அந்த மாதம் முடங்கியது. பாதிக்கப்பட்டவருக்கு மாவு மூட்டை வாங்கவே காசு போதாத நேரத்தில், எண்ணுகிற வேலைக்கு யார் ஒதுக்குவார்கள்? களப்பணியாளர் போகாத வட்டாரத்தில் பழைய எண்ணே நிற்கும், அல்லது அந்த வட்டாரமே அறிக்கையிலிருந்து விழுந்துவிடும். இனி வரும் ஆண்டுகளில் எங்காவது எண் குறைந்தால், அந்த அறிக்கையின் பின்பக்கத்தில் எத்தனை இடங்களுக்குப் போனார்கள் என்று ஒரு வரி இருக்கும், முன்பக்கத்தை நம்பும் முன் முந்தின ஆண்டு வரியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.